வெள்ளைக்கரு

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள், பிடித்துக்கொண்டிருக்கிறேன், எவ்வளவு நேரம் என்று அவள் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, இந்த நாற்காலி வரிசையில் என்னைப் போல முழங்கையை மடக்கிக்கொண்டு இன்னும் சில பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நரம்பு கிடைக்கவில்லை அவளுக்கு. தட்டினாள், தேய்த்தாள், "தண்ணியே குடிக்கிறதில்லையா ஐயா" என்றாள். குடித்தால் உள்ளே நிற்கிறதா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன், சின்னப் பெண், அவளிடம் என்ன வீறாப்பு. கோழிக்கு இந்தத் தொல்லை கிடையாது. இறக்கையைத் தூக்கி உள்பக்கம் இரண்டு இறகைப் பிடுங்கினால் நரம்பு நீலமாகத் தெரியும், ஊசி போவதே கோழிக்குத் தெரியாது என்று புதிதாக வருகிற ஆட்களிடம் சொல்லுவேன், கோழியைக் கேட்டுவிட்டுச் சொன்னதில்லை. நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவனுக்கு ரத்தம் ஒன்றும் புதிதில்லை, ஷெட்டுக்கு ஷெட்டு எடுத்து லேபுக்கு அனுப்புவோம், ஷெட்டு தாங்குமா தாங்காதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். இப்போது என் ரத்தம் போயிருக்கிறது. அதில் இரண்டு எண் பார்ப்பார்கள், ஒன்று ஏற வேண்டும், ஒன்று இறங்க வேண்டும். ஏற வேண்டியது ஆல்புமின். இறங்க வேண்டியதற்கு சி.ஆர்.பி. என்று பெயர், உடம்புக்குள்ளே எரிந்துகொண்டிருக்கிறதே, அதற்கான அளவு. இரண்டும் திரும்பியிருந்தால் இரைப்பைக் கட்டிக்கு நிறுத்தி வைத்திருக்கிற மருந்தை மறுபடி ஏற்றுவார்கள். "திரும்பலேன்னா..." என்று போன தடவை ஆரம்பித்த டாக்டரம்மா அதை முடிக்காமல் மேசைமேல் பேனா மூடியைத் தேடினாள். மூடி பேனாவிலேயே இருந்தது.

வீட்டுக்காரி மரகதம் டிபன் பாக்ஸ் எடுத்துவரக் காருக்குப் போயிருக்கிறாள். அதில் என்ன இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டை. அவித்த முட்டை, இல்லாவிட்டால் அடித்து ஊற்றிய முட்டை, இல்லாவிட்டால் கஞ்சிக்குள் தெரியாமல் கரைத்துவிட்ட முட்டை, எப்படிக் கரைத்தாலும் எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். எல்லாம் அந்த டாக்டரம்மா நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு சொல்லால் வந்தது. "ஆல்புமின்னா ஒரு புரதம்மா, முட்டை வெள்ளைக்கருவுல இருக்குதே, அந்த மாதிரி" என்றாள். மரகதம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "அட, முட்டைங்களா? முட்டைக்கு எங்ககிட்டப் பஞ்சமுங்களா? லாரி லாரியாக் கேரளாவுக்குப் போகுதுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள், கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன், டாக்டரம்மாவும் கூடவே சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள், திரும்பியவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள், ஏனென்றால் நான் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மரகதம் கூடையை எடுத்துக்கொண்டு புதுக் குஞ்சுகள் முட்டைக்கு வந்திருக்கிற ஷெட்டுக்குப் போனாள். இளங்கோழி முதல் முதலாகப் போடுகிற முட்டை சின்னதாக இருக்கும், வியாபாரத்துக்கு ஆகாது, ஆனால் சத்தெல்லாம் அதில்தான் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை. கூண்டு கூண்டாகக் குனிந்து அவளே பொறுக்கினாள், ஆளை விடவில்லை. எனக்கு முட்டையில் பிடித்தது மஞ்சள் ஒன்றுதான், கல்யாணமான புதிதில் வெள்ளையை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு மஞ்சளை மட்டும் தின்கிறவனைப் பார்த்து, முட்டைக்காரர் வீட்டுப் பிள்ளை தின்கிற அழகைப் பாருங்கள் என்று தன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். இப்போது அவளே கட்டை விரலால் மஞ்சளை நெம்பி எடுத்து மூடியில் வைத்துவிடுகிறாள். மஞ்சள் மந்தமாம், வெள்ளைதான் ரத்தத்தில் சேருமாம், இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை, அவளே வைத்த சட்டம். வாயருகில் வரும்போதே ஷெட்டு வாசம் அடிக்கிறது. இத்தனை வருசமாகச் சட்டையில், தலையில், கார் சீட்டில் இருந்த வாசம்தான், அது சோறு போட்ட வாசம், இப்போது தொண்டையிலேயே நின்று மறிக்கிறது. விழுங்கிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் வாந்தி எடுப்பேன், சத்தம் கேட்கக் கூடாதென்று.

ஏன் சிரிக்கவில்லை என்றால், முட்டை தின்று அது ஏறாது என்று எனக்குத் தெரியும். படித்துத் தெரிந்ததில்லை. ஒரு வருசம் மூன்றாவது ஷெட்டில் முட்டை இறங்கியது, தீனி பத்தவில்லை என்று நினைத்து சோயாவைக் கூட்டினேன், இன்னும் இறங்கியது, கருவாட்டுத் தூளைக் கூட்டினேன், கோழி தின்கிறது, தின்கிறது, தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை, முட்டையும் இல்லை, எடையும் இல்லை. கோழி டாக்டர் ஜெயசீலன் வந்து ஒன்றைத் தீனி ரூம் முன்னால் சிமெண்டுத் தரையில் மல்லாத்திப் போட்டு அறுத்துக் காட்டினார். காலை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? ஷெட்டு ஆள் எவனாவது இருக்கும். ஈரல் வீங்கி, நிறம் மாறி, மேலே சவ்வு படர்ந்து இருந்தது. "தீனி பத்தாமயில்லீங்ண்ணா" என்றார் ஜெயசீலன், "உள்ளுக்குள்ள தீ புடிச்சுக் கெடக்குது. நீங்க எத்தனை போட்டாலும் அந்தத் தீக்குத்தான் போகும். ஈரலுக்கு இப்ப முட்டைக்குச் சத்துக் கட்டற வேலையில்ல, தீயோட சண்டை கட்டற வேலை." இதையேதான் இங்கே டாக்டரம்மா இங்கிலீஷ் கலந்து சொன்னாள், அழற்சி குறையாமல் ஆல்புமின் ஏறாது ஐயா, சாப்பாடு முக்கியம்தான், ஆனால் சாப்பாட்டால் மட்டும் ஏறாது, கல்லீரல் இப்போது வேறு வேலையில் இருக்கிறது என்றாள், எனக்கு அந்த நிமிசம் சிமெண்டுத் தரையும் ஈ மொய்ப்பதும் விரித்த கால்களும் கண்முன் வந்தன. மரகதத்தின் காதில் முட்டை மட்டும்தான் விழுந்தது. அதை அவளிடம் விளக்கிச் சொல்லியிருக்கலாம், சொல்லி என்ன ஆகப்போகிறது, அவளுக்கு இருக்கிற ஒரே வேலை இந்த முட்டைதான், அதையும் பிடுங்கிக்கொண்டால் நாள் முழுக்க என் முகத்தை அல்லவா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யார் பிடித்தது அந்தக் காலை? இப்போது ஷெட்டைப் பார்த்துக்கொள்கிற மாதையன் அப்போது வேலைக்குச் சேரவில்லை. இது ஏன் இப்போது இப்படி உறுத்துகிறது, யார் பிடித்தால் என்ன, பிடித்த கை மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது, முகம் வரவில்லை.

பஞ்சை எடுத்துப் பார்த்தேன், நின்றுவிட்டது. கை தானாக நெஞ்சுக்குப் போகிறது, இது ஒரு பழக்கமாகிவிட்டது, சட்டைக்கு மேலாகவே நெஞ்செலும்பைத் தடவிப் பார்ப்பது. கோழியைத் தூக்கியதும் நாங்கள் முதலில் தொடுவது அங்கேதான். எலும்புக்கு இரண்டு பக்கமும் சதை இருந்தால் கோழி, எலும்பு கத்தி முனையாகக் கையில் பட்டால் ஒதுக்கி வை. எனக்கு இரண்டு பக்கமும் குழி. போன தடவை ஒரு கைப்பிடியைக் கொடுத்து "முடிஞ்ச மட்டும் அழுத்துங்க ஐயா" என்று சொல்லி, அதிலிருந்த எண்ணை எழுதிக்கொண்டார்கள், தீனி மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றியவன் நான், பல்லைக் கடித்து அழுத்தினேன், முள் ஏதோ மரியாதைக்கு அசைந்தது. அப்போது டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கன்னப்பொட்டின் குழியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், புறங்கையைப் பார்த்தாள், எனக்குக் கோபம் வரவில்லை, அந்தப் பார்வை என்னுடையது, நான் ஷெட்டுக்குள் நடந்துகொண்டே கொண்டை வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிற பார்வை, எந்தக் கோழியையும் நின்று பார்க்க மாட்டேன், வரிசையைத்தான் பார்ப்பேன். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். எத்தனை பேர் எத்தனை நாள் இருக்கிறார்கள் என்று காட்டுகிற இரண்டு கோடு. ஆல்புமின் நன்றாக இருந்து அழற்சி குறைவாக இருக்கிறவர்களின் கோடு மெதுவாக இறங்குகிறது, மற்றது கொஞ்ச தூரம் போய்க் கிணற்றில் குதிக்கிறது. கட்டியின் அளவைவிடச் சில பேருக்கு இந்த ரத்தக் கணக்குதான் சரியாகச் சொல்கிறது என்றாள். கோடு எனக்குத் தெரியாததா? தீனி ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறதே, எந்த வாரம் எத்தனை முட்டை வர வேண்டும் என்று குஞ்சுக் கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த கோடு, அதன் மேலே என் பேட்ச் போகிற வழியை நான் பென்சிலால் போட்டுக்கொண்டே வருவேன், அச்சுக் கோட்டை விட்டு என் கோடு கீழே போக ஆரம்பித்தால் அந்த வாரமே கறிக்கு ஏற்றுகிற லாரிக்குச் சொல்லிவிடுவேன். "நான் எந்தக் கோடு அம்மணி?" என்று கேட்டேன். "இது கூட்டமாப் பாக்கறதுக்குத்தான் ஐயா, தனி ஆளுக்கு அப்படியே சொல்ல முடியாது" என்றாள். நல்ல பதில். நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் லாரி வந்தால் மொத்தக் கூட்டத்துக்கும்தான் வருகிறது, அதில் கொண்டை சிவந்த கோழி ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும், கூடையில் அடைத்து லாரியில் ஏற்றிய பிறகு அங்கேயே முட்டை போட்டுவிட்டு நிற்கும், அதற்காக யாரும் லாரியை நிறுத்துவதில்லை. ஒரே ஒரு தடவை மரகதம் நிறுத்தினாள். அந்தக் கோழியைக் கக்கத்தில் இடுக்கி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள், நான் திட்டினேன், ரெண்டு வருசம் இருந்துச்சு பாருங்க என்று இப்போதும் சொல்கிறாள், இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில்கூடச் சொன்னாள். இருந்ததென்னவோ உண்மை. முட்டை போட்டது கொஞ்ச நாள்தான், அப்புறம் மூலையில் ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றது, நின்றுகொண்டே இருந்தது, அதை யாரும் கோட்டில் சேர்க்க மாட்டார்கள்.

பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன், பயமாகத்தான் இருக்கிறது, வலியை நினைத்தல்ல, வலிக்கு மாத்திரை இருக்கிறது, அந்த வாக்கியத்தை நினைத்து. திரும்பலேன்னா. அதற்குப் பிறகு என்ன வார்த்தை வரும் என்று கொஞ்ச நாளாகவே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன், எதுவும் பொருந்தவில்லை. ஒருவேளை ஏறியிருக்கலாம். ஏன் ஏறியிருக்கக் கூடாது, வாந்தி எடுத்தது போக மிச்சம் உள்ளே போயிருக்கிறதே, நேற்று மாடிப்படி ஏறினேன், பாதி ஏறினேன், போன வாரம் பாதியும் ஏறவில்லை, இல்லை, போன வாரமும் ஏறினேன். இதோ இப்படித்தான், புத்தி கோழித் தடுப்புக்குள் சுற்றி வருகிறது, சுற்றிச் சுற்றி அதே மூலையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. எதிரே இருக்கிற டி.வி.யில் சமையல் சொல்லிக்கொடுக்கிறார்கள், சத்தம் இல்லை, அந்தப் பெண் எதையோ அடித்துக் கலக்குகிறாள், பார்க்க முடியவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டேன். கழிக்க முடிவு செய்துவிட்ட ஷெட்டு எப்படி இருக்கும் தெரியுமா, அமைதியாக இருக்கும். லாரிக்குச் சொல்லியாயிற்று என்றால் அங்கே முதலில் நிற்பது ரத்தம் எடுப்பது, போகப்போகிற கோழியின் ரத்தத்தைப் பார்த்து யாருக்கு என்ன லாபம். அடுத்து ஊசி நிற்கும். ஊசி போடுகிற நாளெல்லாம் மரகதத்தின் பொறுப்பு, அந்த ஷெட்டை விட்டுவிடு என்பேன், சரிங்க என்பாள், அவ்வளவுதான் பேச்சு. தீனியிலும் கணக்குப் பார்க்க மாட்டோம், தொட்டியில் மிச்சம் இருக்கிறதா, போடு, கம்பா, போடு, ஆசைப்பட்டதைத் தின்னட்டும். யாரும் பிடிப்பதில்லை, தூக்குவதில்லை, எடை போடுவதில்லை, கோழிகள் பயம் விட்டுக் கூண்டுக் கம்பியில் தலையை நீட்டிப் பார்க்கும். அந்தச் சில நாள்தான் அவை நிம்மதியாக இருப்பதாக எனக்குத் தோன்றும், அதனாலேயே அந்தப் பக்கம் போக மாட்டேன்.

"சென்னியப்பன்" என்று கூப்பிட்டார்கள். மரகதம் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்று என் மேல்துண்டைச் சரி செய்துகொண்டிருந்தாள், டிபன் பாக்ஸ் பை கையில் இருந்தது, உள்ளே போனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை அதை எங்கள் பக்கம் திருப்பவில்லை. அதிலேயே எனக்கு முடிந்துவிட்டது, மிச்சத்தை மரியாதைக்காகக் கேட்டேன். "எத்தனை வந்திருக்குதுங்க?" என்றாள் மரகதம். "கொஞ்சம் எறங்கியிருக்கும்மா. அழற்சியும் கூடியிருக்கு." மரகதம் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "முட்டை பத்தாமப் போயிருச்சுங்களா?" "இல்லம்மா, நீங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிருக்கீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல." டாக்டரம்மா எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், என் கையைப் பிடித்தாள், நல்ல பெண், விரல் வெதுவெதுப்பாக இருந்தது. "ஐயா, இந்த உடம்புக்கு மருந்து ஏத்துனா மருந்தே கஷ்டப்படுத்தும். அது வேண்டாம். வலி இல்லாமப் பாத்துக்கறது என் பொறுப்பு, வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க." அப்புறம் மரகதத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே ரத்தம் எடுக்க வேண்டாம்மா. ஊசி குத்தி நோகடிக்க வேண்டாம். முட்டை பிடிக்கலேன்னா விட்டுடுங்க. அவருக்கு என்ன ஆசையோ அதைக் கொடுங்க." நான் தேடிக்கொண்டிருந்த வார்த்தை இதுதான், இத்தனை நாளாக வெளியில் தேடியிருக்கிறேன், என் பண்ணையிலேயே கிடந்திருக்கிறது. "நல்லதுங்க அம்மணி" என்றேன்.

வெளியே வந்ததும் மரகதம் லிப்ட் பக்கம் போகவில்லை, அதே நாற்காலி வரிசையில் போய் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும், அவளுக்கு இது புரியாமலே இருக்கட்டும், வீடு போய்ச் சேருகிற வரைக்குமாவது. "கேட்டியா புள்ள, ஊசியே வேண்டாம்னுட்டாங்க. ஒரு தொல்லை விட்டுது." "ஆமாங்க" என்றாள். "வாய்க்குப் புடிச்சதத் திங்கலாமாம். கட்டுப்பாடு ஒண்ணும் இல்லியாம்." "ஆமாங்க" என்றாள், என்னைப் பார்க்கவில்லை, சமையல்காரி போன பிறகு ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யைப் பார்த்தாள். "எத்தனை ஷெட்டுக்கு நானே ஊசிய நிறுத்தியிருக்கறேன்" என்றாள். "எனக்குத் தெரியாதுங்களா." அவள் பக்கம் திரும்பினேன். "செயசீலன் டாக்டரு அன்னிக்குத் தீனி ரூம்பு முன்னால கோழிய அறுத்துப் பாத்தாரல்லங்க, காலப் புடிச்சுக்கிட்டு நின்னது நாந்தானுங்க. அவரு சொன்னதெல்லாம் நானுந்தானே கேட்டுக்கிட்டு நின்னேன்." அந்தக் கை. கண்ணாடி வளையல் போட்ட கை, எப்படி மறந்தேன், வளையலில் ரத்தம் தெறித்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள், இத்தனை நாளும் நான் ஒருத்தன்தான் தெரிந்து வைத்திருக்கிறேன் என்று குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறேன், இவளும் தெரிந்துகொண்டேதான் கூண்டு கூண்டாகக் குனிந்து பொறுக்கியிருக்கிறாள், குழாய்ச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருப்பாள். "அப்பறம் எதுக்குப் புள்ள இத்தனை முட்டை?" "பின்ன என்னதான் பண்ணச் சொல்றீங்க" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை, களைப்புதான் இருந்தது, எனக்குத்தான் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது, இத்தனை பேர் நடுவில் எங்கள் சாதிசனத்தில் எவனும் அப்படிச் செய்ததில்லை, உட்கார்ந்தே இருந்தேன். அவள் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாள். நெடுக்காக இரண்டாக நறுக்கிய சின்ன முட்டைகள். ஒரு பாதியை எடுத்தாள், பழக்கத்தில் கட்டை விரல் போய் மஞ்சளை நெம்பி மூடியில் வைத்துவிட்டது. அதைப் பார்த்தாள். பிறகு மூடியிலிருந்து அதை எடுத்துத் திரும்பக் குழியில் வைத்தாள், உடைந்திருந்தது, சரியாக உட்காரவில்லை, உதிர்ந்ததையும் கூட்டி விரலால் அழுத்தி நிரப்பினாள், பொட்டலத்தைப் பிரித்து மேலே உப்புத் தூவினாள். "இன்னைக்கு மஞ்சளோட தின்னுங்க" என்று வாயருகில் நீட்டினாள். ஷெட்டு வாசம் அடித்தது. வாயைத் திறந்தேன்.